கூட்டம் கம்மியான வாசல்

சென்ற மார்கழியில், வெறும் ஜலதோஷத்துக்காக, காஷுவால்டி எனப்படும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவன் நான். அதுவும் முன்வாசல் வழியாக அல்ல. ஆக்சிஜன் சிலிண்டர் இறக்கும் சந்து வழியாக, தெரிந்த ஆள் என்ற தைரியத்தில், மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, பின்வாசலில் நுழைந்தேன். விவரம் தெரியாதவர்கள் செய்தால் மன்னிக்கலாம். நானோ முப்பது ஆண்டுகள் கடலூர், சிதம்பரம் வட்டார அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவன். அதில் பாதிக் காலம் அவசரப் பிரிவின் வாசலில் நின்று, "சளி இருமலுக்கெல்லாம் இங்க வரக் கூடாது, ஓ.பி.க்குப் போங்க" என்று புறநோயாளிப் பிரிவு இருக்கும் திசையைக் காட்டிக் காட்டியே தோள்பட்டை தேய்ந்தவன். முட்டிவலி தாங்காமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கடலூர் செம்மண்டலத்தில் வீட்டோடு இருக்கிறேன்.

உள்ளே பணியில் இருந்தவள் நூர்ஜஹான். என்னிடம் ஜூனியராக வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது அந்த வாசலே அவள் கையில்.

"என்னண்ணே, நெஞ்சு வலியா?" என்று பதறிக்கொண்டு வந்தாள்.

"இல்லம்மா. மூக்கு."

"மூக்குல என்ன?"

"ஒழுவுது."

அவள் பதற்றம் இறங்குவதை நான் நேரில் பார்த்தேன். ஏணியிலிருந்து ஒருவர் நிதானமாக இறங்குவதுபோல் இறங்கியது. "மூச்சு வாங்குதா?" என்றாள். இல்லை. "ஜொரம்?"

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. "உள்ஜொரம் மாதிரி இருக்கு" என்றேன். தெர்மாமீட்டருக்குத் தெரியாமல், டாக்டருக்குத் தெரியாமல், நோயாளிக்கும் அவர் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரிகிற இந்த உள்ஜுரத்தை வைத்து நான் எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன்! நூர்ஜஹான் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். ஜுரம் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

"அண்ணே, இந்த வாசல்ல நின்னு எத்தினி பேரத் தொரத்தியிருப்பீங்க?"

"கணக்கு வச்சுக்கலம்மா."

"இன்னைக்கு ஒண்ணு சேத்துக்குங்க. கௌம்புங்க. காலைல உங்க ஏரியா ஹெல்த் சென்டர்ல போயி வரிசைல நில்லுங்க."

இப்போதெல்லாம் அவசரப் பிரிவு வாசலிலேயே நோயாளியின் நிலையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுகிறார்கள். சிவப்பென்றால் உயிருக்கு ஆபத்து, பச்சையென்றால் காத்திருக்கலாம். என்னைப் பச்சையில்கூடச் சேர்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும் அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, அடுத்த மழை சீசனுக்கு வாசல்ல ஒரு போர்டு வைக்கப் போறோம். எந்த ஜொரத்துக்கு எங்க போகணும், எப்பப் போகணும்னு நாலு வரி எழுதிக் குடுங்க. நீங்கதான் பொஸ்தகமா படிக்கிற ஆளாச்சே. உங்க அனுபவத்த எழுதுங்க."

நாலு வரிதான் கேட்டாள். புத்தகம் படிக்கிற ஆளிடம் நாலு வரி கேட்பது, குளிர்காலத்தில் வீராணம் ஏரியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பது மாதிரி. இதோ மதகைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செவிலியர் பட்டயப் படிப்பில் வகுப்பு முழுக்கப் பெண்கள். நாங்கள் ஆண்கள் நாலைந்து பேர், கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி பின்வரிசையில் இருந்தோம். கட்டில் விரிப்பின் மூலையைத் தபால் உறைபோல மடிக்கக் கற்றேன். ஊசி போடும்போது நோயாளியிடம் அவர் ஊர்ப் பெயரைக் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்லும் நேரத்தில் ஊசி முடிந்திருக்க வேண்டும் என்று கற்றேன். மற்றதெல்லாம் வேலையில் கற்றதுதான். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் மாமா, "மாப்ள என்னா வேல?" என்று கேட்டார். "நர்ஸ்" என்றேன். அவர் சற்று யோசித்து, "பரவால்ல, டிரெய்னிங் முடிஞ்சா டாக்டர் ஆயிடலாமில்ல?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இன்றுவரை அந்த மாமா என் டிரெய்னிங் முடியக் காத்திருக்கிறார்.

எங்கள் ஊர்களில் குளிர்காலம் என்றால் பனி மட்டும் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழிவரைக்கும் வீடு காயாது. தெருவில் தண்ணீர், தண்ணீரில் கொசு, கொசுவுக்குப் பின்னால் காய்ச்சல். அதோடு மலைக்கு மாலை போட்டவர்கள் சரணம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி வருவார்கள். விடிகாலைப் பனியில் கோலம் போட்டவர்கள் மூக்கடைத்து வருவார்கள். இத்தனை பேரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்கக் கிளம்பும்போதுதான், எங்கே போவது என்ற கேள்வி வருகிறது.

இதில் எங்கள் மக்களுக்கு என்று ஒரு வழிமுறை உண்டு. முதலில் மெடிக்கல் ஷாப். "ஜொரத்துக்கு ஒரு செட் குடுங்க" என்றால் போதும். இரண்டு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு என்று காகிதப் பொட்டலத்தில் வந்துவிடும். யாருக்கு ஜுரம், எத்தனை நாளாக, என்ன வயது என்பதெல்லாம் ரகசியம். செட்டுக்கு ஜுரம் அடங்காவிட்டால் அடுத்தது கைராசி டாக்டர். கைராசி என்பது மருத்துவக் கல்லூரியில் வராத பாடம். அது டாக்டரின் கையில் இருக்கும் என்பார்கள். நான் பார்த்தவரை அது ஊசியில்தான் இருக்கிறது. ஊசி போடாத டாக்டருக்குக் கைராசி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நடந்து போகிற தூரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். ரத்தப் பரிசோதனையும் இருக்கும், காசும் கேட்க மாட்டார்கள். "அங்க யாரு இருக்கா?" என்று அங்கே போகாதவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கடைசியில், எதற்கும் அசையவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரியில் ஓ.பி. வரிசை ரேஷன் கடை வரிசைபோல வளைந்து சைக்கிள் ஸ்டாண்டுவரை போகும். பக்கத்திலேயே அவசரப் பிரிவு, வரிசையே இல்லாமல், விளக்கு வெளிச்சத்தோடு ஜம்மென்று இருக்கும். நீங்களே சொல்லுங்கள், புத்தியுள்ள மனிதன் எங்கே போவான்?

"ஏம்மா இங்க வந்தீங்க?" என்று கேட்டால், "இங்கதான் சார் கூட்டம் கம்மியா இருந்துச்சு" என்பார்கள். நான் மறுபடியும் ஓ.பி. இருக்கும் திசையைக் காட்டுவேன்.

சிதம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம், அங்கே இன்னும் வேலையில் இருக்கிற மூன்று பேரும் என் நண்பர்கள்) எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் டாக்டர் மங்கை. அவசரப் பிரிவின் பொறுப்பு அவருக்கு. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளைக் கோட்டின் ஒரு பையில் ஸ்டெதஸ்கோப், இன்னொரு பையில் வறுத்த வேர்க்கடலை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் குரல் தாழத் தாழ, நாங்கள் ஓட ஆரம்பிப்போம்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒரு கூட்டம் உள்ளே வந்தால், ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரை முதலில் பார்க்க மாட்டார். கூட வந்தவர்களைத்தான் ஒரு சுற்று பார்ப்பார். ஒருமுறை காரணம் கேட்டேன். "படுத்திருக்கிறவனப் பத்தி நாலு பேரு கத்திச் சொல்லிடுவாங்க, சிஸ்டர். நிக்கிறவனுக்கு யாரு சொல்லுவா?" என்றார். ஆம், என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். "பிரதர்னு கூப்பிட்டா சர்ச்சு ஞாபகம் வருது" என்பது அவர் விளக்கம். பத்து வருடம் சிஸ்டராகவே இருந்தேன்.

இரண்டாவது பழக்கம், ஒரு கேள்வி. காய்ச்சலோடு யார் வந்தாலும் நாடியில் கை வைத்தபடி, ஊர் நடப்பு விசாரிக்கிற தொனியில், "கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போனீங்க?" என்று கேட்பார். தாசில்தாரிடமும் கேட்டிருக்கிறார். தவில் வித்வானிடமும் கேட்டிருக்கிறார். உடம்பில் நீர் எங்கே போகிறது, ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்பதை இவ்வளவு மலிவாகச் சொல்கிற கருவி வேறு இல்லை என்பது அவர் கட்சி. தாசில்தார் அதை விசாரணைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். "பதில் தெரியலன்னா யோசிச்சு சொல்லுங்க, நான் கடலை சாப்பிடறேன்" என்றார் மேடம்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு கார்த்திகை மாதம், வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை. போய்ப் பார்த்தேன். உள்ளே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய மச்சான் கடிகாரத்தைப் பார்த்தபடி இருக்கிறார். "ராவுகாலம் சார். இன்னும் கொஞ்சந்தான். முடிஞ்சதும் உள்ள கொண்டாந்துடறோம்" என்றார். நான் வாயைத் திறந்து விஞ்ஞானம் பேச ஆரம்பித்தேன். மச்சானும் பதிலுக்குச் சாஸ்திரம் பேச ஆரம்பித்தார். எங்கள் விவாதம் சூடு பிடிக்கும்போது, ஈ.சி.ஜி. மெஷினை ஒரு ஸ்டூலில் வைத்து வார்டு உதவியாளரைத் தூக்கி வரச் சொல்லிவிட்டு, மங்கை மேடம் மழையில் குடையோடு வந்து நின்றார்.

"உள்ள வர்றதுதானே தப்பு? மெஷின் வெளிய வந்தா ராகு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று ஆட்டோவிலேயே எடுத்துப் பார்த்தார். காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது. தன் கைக்கடிகாரத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்து, முகத்தில் சலனமே இல்லாமல், "ராகுகாலம் முடிஞ்சிடுச்சு. தூக்குங்க" என்றார். மச்சான் தன் கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பதற்குள் ஆள் உள்ளே போயாகிவிட்டது. பிழைத்தார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் ராகுகாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாததால்தான் உயிர் பிழைத்ததாகப் பேச்சு.

இனி, நூர்ஜஹானின் போர்டுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற கதைக்கு வருகிறேன்.

அதுவும் ஒரு மார்கழிக் காலைதான். திருவாதிரை நெருங்கிக்கொண்டிருந்ததால் சிதம்பரம் தேர் வீதிகளில் ஏற்கெனவே கூட்டம். முந்தின நாள் மழையில் ஓ.பி. வாசலில் கணுக்கால் தண்ணீர். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் நேராக அவசரப் பிரிவுக்குள் வந்தது. முன்னால் பட்டம்மாள் என்கிற பெரியம்மா, இருமல் அவருக்கு. அவரைப் பிடித்துக்கொண்டு மகன் சேகர், ரைஸ்மில்லில் வேலை. பின்னால் ஒயர் கூடை, பிளாஸ்க், போர்வை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மருமகள் செல்வி.

பட்டம்மாளின் இருமல் சாதாரண இருமல் இல்லை. ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் உள்ள இருமல். முடிவில் "அய்யோ நடராசா" என்று ஒரு முத்தாய்ப்பு வேறு.

"எத்தினி நாளா இருமல்?" என்றேன்.

"இந்த மழ ஆரம்பிச்சதுலேருந்து தம்பி. கைராசி டாக்டர்ட்ட போயி ஊசிகூடப் போட்டாச்சு. ஊசிக்கும் அடங்கல."

சளியில் ரத்தம் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, ஜுரம் இல்லை. "அம்மா, இது ஓ.பி.ல பாக்குற கேஸு. அங்க போங்க. சளியும் டெஸ்ட் எடுப்பாங்க" என்று கையைக் காட்டினேன்.

"அங்க தண்ணி நிக்குது தம்பி. வரிசையும் ஜாஸ்தி. இங்கதான் கூட்டம் கம்மியா இருக்கு."

"கூட்டம் கம்மியா இருக்கிறது உசுருக்கு ஆபத்துன்னு வர்றவங்களுக்காகம்மா."

"எனக்கு மட்டும் உசுரு இல்லியா? டேய் சேகரு, இவரு என்னாடா சொல்றாரு?" என்று ஆரம்பித்து, என் சட்டை, என் சம்பளம், என்னைப் பெற்றவர்கள் என்று பட்டம்மாள் விரிவாகப் போய்க்கொண்டிருந்தார். நானும் சளைக்கவில்லை. இந்த வாக்குவாதத்தின் நடுவில் கடலை மெல்லும் சத்தம் கேட்டது.

மங்கை மேடம் பட்டம்மாளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சுவரோரமாகச் சாய்ந்து நின்ற செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தலை ஏன் ஈரமா இருக்கு? மழைல நனைஞ்சியா?"

செல்வி கூடையைக் கீழே வைக்காமலே, "இல்லிங்க மேடம். ஜொரமா இருந்துச்சு. நேத்து விட்டுடுச்சு. அதான் காலைல தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் காய்ச்சல் விட்டதற்கு அத்தாட்சி அதுதான். ஜுரம் இறங்கினால் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றி, மிளகு ரசம் சோறு போட்டுவிட்டால் நோயாளி என்கிற உத்தியோகம் முடிந்தது. வீட்டு வேலையைப் பார்க்கலாம். செல்வியும் அப்படித்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டு மாமியாருக்குத் துணையாகக் கூடையைத் தூக்கி வந்திருக்கிறாள். அவளுக்கு என்ன வைத்தியம் நடந்தது என்று கேட்டால், மெடிக்கலில் ஒரு செட். அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை.

மேடம் அவள் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. "கை ஜில்லுனு இருக்கே. வயிறு வலிக்குதா?"

"லேசா மேடம். காலைலேருந்து ரெண்டு வாட்டி வாந்தி. ரசம் ஒத்துக்கல போலருக்கு."

"கடைசியா ஒண்ணுக்கு எப்பம்மா போன?"

செல்வி புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே சுவரோடு வழுக்கி, கூடையை அணைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"சிஸ்டர், கட்டில்" என்றார் மேடம். குரல் ஏறக்குறையக் கேட்கவே இல்லை.

டெங்குக் காய்ச்சலைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது காய்ச்சல். தெரியாதது, காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள். உடம்பு குளிர்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். நோயாளி பேசிக்கொண்டே இருப்பார், நடந்துகூட வருவார்; உள்ளே ஓட்டம் வற்றிக்கொண்டிருக்கும். செல்வியின் நகத்தை அழுத்தி விட்டேன். விட்டதும் சிவக்க வேண்டிய நகம், யோசித்து யோசித்துச் சிவந்தது. ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல நெருங்கி நின்றன. அப்படி நெருங்கினால் நல்லதல்ல.

சலைன் ஏற்ற ஆரம்பித்தோம். இதில்தான் சூட்சுமம். குறைத்து ஏற்றினால் போதாது. கூட்டி ஏற்றினால் கசிந்து நுரையீரலில் தேங்கும். கால் மணிக்கு ஒருமுறை நாடி, அழுத்தம், கைச் சூடு பார்த்து வேகத்தை மாற்ற வேண்டும். எல்லாம் சரியாகப் போகிறதா என்று சொல்லப்போவது அந்தப் பழைய கேள்விதான். ரத்தக் கசிவு பயம் இருந்ததால் சிறுநீர்க் குழாய் போட வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். தானாகப் போக வேண்டும். ஒரு அளவுக் குவளையைக் கட்டிலுக்கடியில் வைத்தோம். அந்தக் குவளை காலியாக இருந்தது. அன்று முழுக்க எங்கள் எல்லோருடைய கண்ணும் அதன்மேல்தான்.

இந்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. செல்வியின் அண்ணன். சேகர் போனைக் காதில் வைத்து, "ஆமாம் மச்சான்... சரி மச்சான்..." என்று நாலு முறை சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார். "மச்சான் கார் ஏற்பாடு பண்ணிட்டாராம். பாண்டிச்சேரில பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்றாரு. இங்க வேணாம்னு சொல்றாரு."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கடல் கடந்து இருப்பவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஆனால் பைபாஸில் பாதி தண்ணீரில் கிடக்கிறது. வீதிகளில் திருவாதிரைக் கூட்டம். காரின் பின்சீட்டில், சலைன் வேகத்தைப் பார்க்க ஆளில்லாமல், இந்த நிலையில் இரண்டு மூன்று மணி நேரம் என்றால், போய்ச் சேருகிற ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயன் இல்லை.

மேடம் போனை வாங்கினார்.

"தம்பி, மாத்தலாம்பா. தாராளமா மாத்தலாம். இப்ப இல்ல."

"பணத்தப் பத்தி யோசிக்காதீங்க டாக்டர்!" என்று அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது.

"நான் யோசிக்கல. உன் தங்கச்சி ஒண்ணுக்குப் போகட்டும். போனதுக்கப்புறம் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ, நானே ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பறேன்."

சிங்கப்பூர்க் குரல் இறங்கியது. "என்னா போகட்டும்?"

மேடம் இன்னொரு முறை சொன்னார். போனை என்னிடம் கொடுத்து, "இனிமே தம்பி கேட்டா நீங்க பதில் சொல்லுங்க, சிஸ்டர்" என்றார்.

அன்று பகல் முழுக்க என் உத்தியோகம் அதுதான். கால் மணிக்கொருமுறை செல்வியிடம் போய், "வர்ற மாதிரி இருக்காம்மா?" என்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். அவளுக்கு உடம்பின் அவஸ்தை ஒருபக்கம், என் அவஸ்தை ஒருபக்கம். போன் அடிக்கும். "சார், போச்சா?" "இன்னும் இல்ல தம்பி." சேகர் கதவுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் உதட்டைப் பிதுக்குவேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த உறவினர்கள்கூட, போகும்போது "இன்னும் ஆவலியா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மதியத்துக்குமேல் ஒருமுறை நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. மேடம் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பாக்கெட்டில் கடலை இருந்தது; கை அங்கே போகவில்லை. பத்து வருடத்தில் அவர் கடலை சாப்பிடாமல் நான் பார்த்தது அந்த ஒரு பகல்தான். சலைனை அவரே திருகித் திருகிச் சரிசெய்தார்.

பட்டம்மாளோ காலையிலிருந்து மருமகளின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆச்சரியம், இருமலே இல்லை. ஊசிக்கு அடங்காத இருமல், பயத்துக்கு அடங்கிவிட்டது. மருமகளின் பாதத்தைத் தன் புடவைத் தலைப்பில் சுற்றித் தேய்த்துக்கொண்டே, கோயில் கோபுரம் இருந்த திசையைப் பார்த்து வாய்விட்டு வேண்டிக்கொண்டார்.

"நடராசா, எம் மருமவளுக்கு ஒண்ணுக்கு வரட்டும். வருசா வருசம் திருவாதிரைக்கு இவளக் கூட்டியாந்து, களி கிண்டிப் படைக்கிறேன்."

"கொஞ்சம் மெதுவா வேண்டிக்கங்கம்மா" என்றேன்.

"சாமிகிட்ட என்னா தம்பி வெக்கம்? அவுரு கேக்காததா? நீங்களே காலைலேருந்து அதத்தான கேக்குறீங்க!"

விளக்கு வைக்கிற நேரம். செல்வி கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். பட்டம்மாள் துள்ளி எழுந்து, திரையை இழுத்து, என்னைப் பிடரியைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளினார். நான், சேகர், போனில் சிங்கப்பூர், மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் பட்டம்மாள் குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அபிஷேகச் சொம்புபோல வெளியே வந்தார்.

"தம்பி! பாருங்க! பாருங்க தம்பி!"

பார்த்தேன். வாழ்க்கையில் நான் பல அழகிய காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். பிச்சாவரத்தில் விடியலைக்கூடப் பார்த்திருக்கிறேன். எதுவும் கிட்டே வராது. மேடம் அளவைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு பாக்கெட்டில் கைவிட்டு ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு அதுதான் தீர்ப்பு.

மறுநாளெல்லாம் கண்காணிப்பு தொடர்ந்தது. செல்வி நல்லபடியாகத் தேறினாள். கார் வந்து இரண்டு நாள் வாசலில் நின்றுவிட்டு, கடைசியில் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனது. பட்டம்மாளின் இருமலை ஓ.பி.யில் பார்த்தார்கள். அது வெறும் சளிதான்.

ஆக, நூர்ஜஹான், உன் நாலு வரி இது: சாதாரணச் சளிக்கும் இருமலுக்கும் பக்கத்துச் சுகாதார நிலையம். இரண்டு நாளுக்குமேல் காய்ச்சல் என்றால் அங்கேயே ரத்தப் பரிசோதனை; மெடிக்கல் செட் வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல் என்றால் ராகுகாலம் பார்க்காமல் அவசரப் பிரிவு. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, வாந்தி, கை கால் குளிர்ச்சி, சிறுநீர் குறைவு என்றால் தலைக்கு ஊற்றிக்கொண்டு கூடையைத் தூக்காமல், உடனே அவசரப் பிரிவு. போர்டில் இடம் இருந்தால் ஐந்தாவது வரி: ஓய்வுபெற்ற செவிலியர்களுக்குப் பின்வாசல் கிடையாது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இதையெல்லாம் எழுத உட்காரும் முன், என் சளி பாதி குறைந்திருந்த நிலையில், திருவாதிரைக்குச் சிதம்பரம் போயிருந்தேன். கீழவீதியில் தேர் பார்க்கிற கூட்டத்தில் யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். செல்வி. கன்னம் உப்பி, தலை நிறையப் பூவோடு இருந்தாள். பக்கத்தில் தூக்குச் சட்டியில் களியோடு பட்டம்மாள். வேண்டுதலை ஒரு வருடம்கூட விடவில்லையாம். சிங்கப்பூர் அண்ணனும் முதல் முறையாகக் குடும்பத்தோடு வந்திருந்தார்.

செல்வி என்னைக் காட்டி அண்ணியிடம் ஏதோ சொல்லப் போனாள். உயிரைக் காப்பாற்றியவர் என்றோ, தெய்வம் என்றோ ஒரு வார்த்தை வரும். அதை எப்படி அடக்கத்தோடு மறுப்பது என்று நான் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு தயாரானேன்.

"அண்ணி, இவுருதான். அன்னிக்கு ஒண்ணுக்கு வருதா வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாருன்னு சொன்னனே, அந்த அண்ணன்."

"அட, போன்ல பேசுன சாரா!" என்று சிங்கப்பூர்க்காரர் என் கையைக் குலுக்கினார்.

அடக்கத்தோடு மறுக்க இதில் எதுவும் இல்லாததால், நான் இருமினேன். உண்மையான இருமல்தான். பட்டம்மாள் களியை என் கையில் வைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சளி புடிச்சிருக்கா தம்பி? இந்தப் பனில ஓ.பி.ல போயி நிக்காதீங்க. நேரா காஷுவால்டிக்குப் போயிடுங்க. எங்க செல்வியப் பாத்தாங்களே, அங்கதான் நல்லாப் பாக்குறாங்க. கூட்டமும் கம்மி."